கொட்டகையின் பின்பக்கம்

"ஏம்ப்பா, சமையலெல்லாம் ஆத்துல யாரு? அம்மாவா?" என்று கேட்டாள் பாலாம்பாள்.

"அம்மாதாம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் நான்" என்றான் அருள்பாண்டி.

ஹாலாஸ்யத்துக்கு எரிச்சல் வந்தது. "பாலா, நாம பணம் போட வந்திருக்கோம். சாப்பிட வரலை."

உசிலம்பட்டி சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. சிறு ஆலைகளில் மிஞ்சும் அமிலக் கசடு, பழைய எண்ணெய் எல்லாவற்றையும் சேகரித்து, முறைப்படி அழிக்க அனுப்பும் சின்ன கம்பெனி. அருள்பாண்டிதான் முதலாளி. இன்னொரு லாரி வாங்கப் பங்குதாரர் தேடிக்கொண்டிருந்தான்.

ஹாலாஸ்யம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பணம் முழுவதையும் இங்கே போடலாமா என்று பார்க்கத்தான் கோச்சடையிலிருந்து வந்திருந்தார். கம்பெனியைப் பற்றிச் சொன்னது மகள் மாதங்கி. ஆனால் அவள் காரை விட்டு இறங்கவில்லை. நெடி ஆகாதாம். தினமும் ஆய்வுக்கூடத்தில் அமிலத்தோடு மல்லுக்கட்டுகிறவள்!

"காப்பி குடிப்பீகளாம்மா?" அருள்பாண்டியின் தாய் பாண்டியம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பேஷா! இன்னொரு டம்ளரும் கேப்பேன்" என்றாள் பாலாம்பாள். மடியில் பத்திரமாக ஒரு தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம். நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று கொண்டுவந்தது.

ஹாலாஸ்யம் எழுந்தார். "பின்பக்கம் பார்க்கணும்."

கடன் கேட்பவனின் முன்வாசலைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பது அவருடைய வங்கிக்காலப் பாடம். பின்னால் போய்ப் பார்த்தார். சிமெண்ட் தளத்தில் ட்ரம்கள் வரிசையாக மூடியோடு நின்றன. கீழே ஒரு சொட்டுக் கறை இல்லை. சுவரோரம் முருங்கை பூத்திருந்தது.

அப்போது கூடவே வந்த அருள்பாண்டியின் கைப்பேசி அடித்தது. கையுறையைக் கழற்றாமல் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"மாப்ள, விருமாண்டி பேசுறேன். நம்ம பட்டறைக் கசட எதுக்கு அம்புட்டுத் தூரம் அனுப்புற? கம்மாய் காஞ்சுதான கெடக்கு. அதுல கொட்டிரு. லாரி வாடக மிச்சம், ஆளுக்குப் பாதி."

"அண்ணே, மழ பேஞ்சா அந்தத் தண்ணியத்தான ஒங்க மாடும் குடிக்கும்?"

"ரொம்பப் பேசாத. வேற ஆளப் பாத்துக்கிருவேன்."

"பாத்துக்கங்கண்ணே. நாளைக்கே ட்ரம்மத் திருப்பி அனுப்புறேன்."

தொடர்பு அறுந்தது. "பெரிய பார்ட்டி சார். போச்சு" என்று அருள்பாண்டி அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

ஹாலாஸ்யம் விறுவிறுவென்று மனைவியிடம் திரும்பினார்.

"பாலா, இந்தப் பிள்ளையை நம்பி எதை வேணும்னாலும் ஒப்படைக்கலாம்."

"எதை வேணும்னாலுமா?"

"எதை வேணும்னாலும்! எங்கே வேணும்னாலும் சொல்றேன்."

அங்கேயே செக் எழுதிப் பாலாம்பாளின் தாம்பாளத்தில் வைத்து, "வாங்கிக்கோங்கோம்மா" என்று பாண்டியம்மாளிடம் நீட்டினார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். உள்ளே போய் வேறொரு தாம்பாளத்தோடு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

வெற்றிலை, பாக்கு, பழம். அதற்கு மேல் மல்லிகைப்பூ, அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை.

"லாரி வாங்கறதுக்குப் பட்டுப்புடவை எதுக்கும்மா?" என்றார் ஹாலாஸ்யம்.

அருள்பாண்டி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

பாலாம்பாள் கார் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "மாதங்கி, இறங்கி வாடி! அப்பாவே தட்டு மாத்திட்டார்."

பிறகு கணவரிடம் மெதுவாகச் சொன்னாள்: "பிடிக்கலேன்னா திருப்பிக் கொடுத்துடுங்கோ."

ஹாலாஸ்யம் அருள்பாண்டியைப் பார்த்தார். காரிலிருந்து தயங்கி இறங்கும் மகளைப் பார்த்தார். தாம்பாளத்தை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.