தாளித்த கிம்ச்சி

ஒரகடத்துக் கொரிய விடுதியில் சமையலுக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே தவமணி அந்தக் காரியத்தைச் செய்துவிட்டாள். பச்சையாகக் கிடக்கிறதே என்று மனம் பொறுக்காமல், ஊறிய முட்டைக்கோஸ் கிம்ச்சியின் தலையில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினாள். முதலாளியம்மா ஒரு வாய் தின்றார். அப்படியே எழுந்து போனார். நாலைந்து இடம் அலைந்து கிடைத்த வேலை.

"மூட்டையைக் கட்டுடி" என்றாள் அரைகுறையாகக் கொரிய மொழி தெரிந்த பிரிசில்லா, பரிமாறுகிறவள். "நீ சேர்ந்த அன்னைக்கு முதலாளியம்மா அவங்கம்மாகிட்ட போன்ல 'தவமணி-கா'ன்னு சொன்னாங்க. பேச்சுல புதுசா வர்ற ஆளுக்குத்தான் அந்த 'கா'. ஏற்கெனவே தெரிஞ்ச ஆளுன்னா 'நுன்' ஒட்டுவாங்க. நீ 'கா'வா வந்து 'கா'வாவே போகப்போற."

ஞாயிற்றுக்கிழமை முதலாளியம்மா சியோலிலிருக்கும் தாயோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். தேநீர் கொண்டுபோன தவமணியின் காதில் தன் பெயர் விழுந்தது. அதன் பின்னால் ஒட்டியிருந்த வாலும் விழுந்தது. நுன். கடல் தாண்டி இருக்கிறவருக்கு என்னை எப்படித் தெரியும்?

முதலாளியம்மா போனை அவள் பக்கம் திருப்பினார். திரையில் நரைத்த தலைக்காரி ஒருத்தி பல் தெரியச் சிரித்து, கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள். சிவந்த கிம்ச்சியின் மேல் பொரிந்த கடுகு. கறிவேப்பிலைக்குப் பதிலாக ஏதோ ஓர் இலை, கருகிக் கிடந்தது.

"அடுப்பை அணைச்சிட்டு இலையைப் போடணும்மா!" என்று தமிழிலேயே கத்தினாள் தவமணி.