வீட்டுச் சத்தம்

குழந்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனும் மனைவியும் குரலை உயர்த்தவே இல்லை. அவள் அண்ணன் பேச்சை எடுத்தாலே பற்றிக்கொண்டு எரியும் வீடு அது. பிள்ளை முன்னால் சண்டையே கூடாது என்று இருவரும் சத்தியம் செய்திருந்தார்கள்.

பிள்ளையோ அழுது ஊரைக் கூட்டியது. தாலாட்டினாலும் அழுகை, தோளில் போட்டாலும் அழுகை. கடைசியில், செயற்கைக் கருப்பையில் அதை வளர்த்துக் கொடுத்த மருத்துவமனைக்கே தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நர்ஸ் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். கருப்பைக்குள்ள கேட்டுப் பழகின சத்தத்தைத் தேடுது. வீட்டுச் சத்தத்தைக் கருப்பைக்குள்ள அனுப்ப ஒரு மைக் குடுத்தோமே, வீட்ல எங்க வெச்சிருந்தீங்க?"

"சாப்பாட்டு மேசையில. தாலாட்டுப் பாடும்போது மட்டும் பட்டனை அமுக்குவோம்."

"அது விளக்குக்கான பட்டன் சார். மைக் எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

பிள்ளை கருப்பையில் இருந்த மாதங்களை அவன் நினைத்துப் பார்த்தான். தாலாட்டு என்னவோ எப்போதாவதுதான். சண்டை வேளா வேளைக்கு நடந்தது.

"அங்க வைக்க வேணாம்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று மனைவி சீறினாள்.

"எப்ப சொன்ன? வாயைத் தொறந்தா பொய்!"

"யாரு, நானா பொய் சொல்றேன்?"

அழுகை நின்றது. பிள்ளை சுகமாகக் கொட்டாவி விட்டது. இருவரும் திகைத்துப்போய் வாயை மூடினார்கள். உடனே அதன் உதடு பிதுங்கியது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கெஞ்சினாள்: "என்னங்க... எங்க அண்ணனைப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்."