தீபாவளிக்கு மறுநாள் தெளிந்த தண்ணீர்

இன்னும் கொஞ்ச நேரத்தில் ரவூபின் உறிஞ்சுகுழாய் குளத்தின் ஆழமான மூலைக்கு வந்துவிடும். முத்தையாவின் பல்செட் அந்த மூலையில்தான் கிடக்கிறது.

வேடிக்கை பார்க்க வந்த பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில், முகக்கவசத்தை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் கரையில் நின்றார்.

சிங்கப்பூர் செங்காங்கில் அவர் மகன் வீடு இருக்கும் கோண்டோ அடுக்குமாடியின் நீச்சல்குளம் அது. நேற்று தீபாவளியன்று விடிந்தபோது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

வீடு நிறைய விருந்தாளிகள். குளியலறைக்கு வரிசை. தலையில் தேய்த்த நல்லெண்ணெய் கண்ணில் வழிய ஒரு மனுசன் எவ்வளவு நேரம்தான் நிற்பான்?

யாரும் எழுவதற்கு முன்னால் கீழே வந்து, குளத்தில் இறங்கி, சீயக்காயை அரக்கித் தேய்த்து ஒரு முழுக்குப் போட்டார். எழுந்ததும் தும்மல் வந்தது. பல்செட் போனது.

இதில் கேவலம் என்னவென்றால், அழுக்கோடு குளத்தில் இறங்குகிறார்கள் என்று வருசம் முழுக்கப் புகார் செய்து, 'குளித்துவிட்டு இறங்கவும்' என்று போர்டு வைக்கச் சொன்னதே அவர்தான். போர்டையும் நம்பாமல், ஏறி வருகிற பிள்ளைகளின் தலையை மோந்து பார்ப்பார்.

மாட்டிக்கொண்டால் அத்தனை பிள்ளைகளும் வரிசையில் வந்து இவர் தலையை மோந்து பார்க்கும்.

குளத்தைப் பராமரிக்கிற ரவூப் நேற்றே வந்துவிட்டான். தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சொட்டுமருந்து விட்டுப் பார்த்தான். வடிகட்டியைத் திறந்து, உள்ளிருந்த மணலை ஒரு கை அள்ளி முகர்ந்தான். சிரித்தான். கலக்கத்தை அடியில் படிய வைக்கிற மருந்தைக் கரைத்து ஊற்றி, பம்பை நிறுத்திவிட்டுப் போனான்.

இன்று மேல்தண்ணீர் கண்ணாடி. அடியில் சாம்பல் நிறத்தில் சேறு. அதைத்தான் குழாய் உறிஞ்சிக்கொண்டே வருகிறது.

"அந்த மூலைய விட்டுடுப்பா. அங்க நல்லாத்தான் இருக்கு" என்றார், கவசத்துக்குள்ளிருந்து.

"அங்கதான் அங்கிள் சேறு ஜாஸ்தி. ஒரு ஆளு எண்ணெய்க்கு இவ்ளோ கலங்காது லா. குடும்பத்தோட வந்து குளிச்சிருக்கானுங்க."

முத்தையாவுக்குச் சுருக்கென்றது. ஒண்டியாகக் குளித்தவனைக் குடும்பம் என்கிறான். இவனுக்கு வேலையே தெரியாது.

எதிர்க்கரையில் குடியிருப்போர் குழுத் தலைவர் ஞானசேகரன். பேச ஆரம்பித்தால் மின்தூக்கியின் கதவைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர். இன்று வாயைத் திறக்கவில்லை. கைப்பேசியில் தட்டித் தட்டி எல்லாருக்கும் உத்தரவு அனுப்பிக்கொண்டிருந்தார்.

ரவூப் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். "ஆழத்துல கை வைக்காத, டைல்ஸ் போயிடும்னு போட்டிருக்கீங்களே. டைல்ஸுக்கு ஒண்ணும் ஆவாது சார்."

இந்தத் தலைவன் எதற்கு நமக்குச் சாதகமாய் உத்தரவு போடுகிறான் என்று முத்தையாவுக்குச் சந்தேகம் வந்தது. காரியமில்லாமல் செய்கிற ஆளில்லை.

குழாய் மூலைக்குப் போனது. கடக்கென்று எதிலோ முட்டி நின்றது.

ரவூப் நீளக்கம்பு வலையை விட்டு அள்ளினான். பல்செட்.

பிள்ளைகள் கத்தின. முத்தையா கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் மூடுவது? திறந்தார்.

அவருடையது இல்லை. அவருடையதில் ஒரு தங்கப்பல் உண்டு. இது மொத்தமும் வெள்ளை, புதுசு.

மெதுவாக நிமிர்ந்தார். எதிர்க்கரையில் ஞானசேகரனின் உதடுகள் உள்ளே போய், கன்னம் ஒட்டி, முகம் பாதியாகியிருந்தது.

"இருங்க, இன்னொண்ணும் கிடக்கு" என்றான் ரவூப்.

வெயிலில் தங்கப்பல் மின்னியது. ஞானசேகரன் அதைப் பார்த்தார். பிறகு முத்தையாவின் கவசத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வேகமாகத் தட்டினார்.

நின்றிருந்த எல்லார் கைப்பேசிகளும் ஒன்றாய் ஒலித்தன. ரவூப் வாய்விட்டுப் படித்தான்.

"இது வெளியாட்கள் வேலை."

ஞானசேகரன் சொன்ன ஒன்றுக்கும் இதுவரை தலையசைக்காத முத்தையா, கழுத்து சுளுக்கிக்கொள்ளும்படி ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.