முப்பத்தோராவது ஷீல்டு

ரத்ததானக் கழகத்தின் பாராட்டு விழாவுக்கு மேனகா முப்பது பித்தளை ஷீல்டுகள் செய்யச் சொல்லியிருந்தாள். கொடையாளரின் பெயர், எத்தனையாவது தானம், ஆண்டு மூன்றும் பொறிக்க வேண்டும். பெரிய மார்க்கெட் அருகே கடையில் பெட்டியைப் பிரித்ததும் எல்லாம் பளபளத்தன. மேனகா குதிக்காத குறை.

எண்ணினாள். முப்பத்தொன்று இருந்தன.

கடைசி ஷீல்டில், ‘நெ. பூர்ணிமா, இருபத்தைந்தாவது தானம், 2035’ என்று பொறித்திருந்தது. அப்போது நடந்துகொண்டிருந்தது 2007.

“இது எங்களுது இல்லீங்களே.”

கடைக்காரர் ராமலிங்கம் பட்டியலை நீட்டினார். “நீங்க எழுதிக் குடுத்ததுதாம்மா. வருஷம் தப்பான்னு போன்ல கேட்டேன். சரிதான், அப்படியே போடுங்கன்னு சிரிச்சீங்களே?”

முப்பத்தோராவது வரியும் அவள் கையெழுத்துதான். எழுதியதும் பேசியதும் நினைவில் இல்லை.

வீட்டில் கணவன் நெடுமாறனிடம் காட்டினாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷமாகக் குழந்தையில்லை. அந்த ‘நெ.’ மேல் அவன் விரல் நின்றது.

“மேனகா, நாள் தள்ளிப் போயிருக்கா?”

“பன்னெண்டு நாளு. மறுபடி ஏமாந்துடுவோமோன்னு சொல்லல.”

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வாழ்த்துச் சொன்னார். நெடுமாறன் வராந்தாவில் போன முன்பின் தெரியாத இரண்டு பேரைக் கட்டிப்பிடித்தான்.

மாலை விழாவில் முப்பது பேரும் பரிசு வாங்கினார்கள். மேனகா யாரைப் பார்த்தாலும் சிரித்தாள். மிஞ்சிய ஷீல்டை மடியில் வைத்திருந்தாள். ஏசி அரங்கில் கைகள் சில்லிட்டிருந்தன. பித்தளை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.