மணிக்கூண்டிலிருந்து நூற்றிருபது படி

"பக்கத்துல நடக்காதீங்க சார். பத்தடி முன்னாடி போங்க" என்றாள் டீச்சர், உதட்டை அசைக்காமல்.

"பத்தடி தள்ளிப் போனா இந்தப் பனியில உங்களைத் தொலைச்சிடுவேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மணிக்கூண்டு பத்தே முக்கால் காட்டியது. அந்த மலை நகரத்தின் பழைய பகுதியில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மணிக்கூண்டிலிருந்து நூற்றிருபது கல்படி ஏறி, தேவாலயத்தைச் சுற்றி, சிலைச் சதுக்கத்தைத் தாண்டினால் பழைய கருவூலக் கட்டடம். வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தால் அரைமணி நேரம். இவர்கள் கையில் இருந்தது பதினைந்து நிமிடம். பதினோரு மணிக்கு அங்கே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தீங்க?" என்று கேட்டார் அவர்.

"பல் டாக்டர்னு. நம்பணுமேன்னு கன்னத்துல பஞ்சு அடைச்சுக்கிட்டுக் கிளம்பினேன். தெருமுனை திரும்பினதும்தான் துப்பினேன். போனை வேணும்னே வீட்டுல விட்டுட்டேன். நீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. 'பத்து நிமிடத்தில் வருகிறேன்'னு கடையில ஒரு அட்டையைத் தொங்கவிட்டேன். எங்க வீட்டம்மா கூப்பிட்டா குரல் காட்டிக் குடுத்துடும்னு போனையும் அணைச்சிட்டேன்."

ஈரப் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார்கள். பாதியில் டீச்சர் நின்றுவிட்டாள். மழைக்கோட்டுக்குள் இருந்த நல்ல உடை வியர்வையில் ஒட்டியது.

"எனக்குக் கால் வரல சார். திரும்பிடலாமா?"

அவர் மூச்சு வாங்கியபடி அவளைப் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷம் அவரோட குடித்தனம் பண்ணியிருக்கேன். இது வரைக்கும் அவருக்குத் தெரியாம ஒரு துரும்பைக்கூட நகர்த்தினதில்ல. இப்ப உங்க பேரை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டு பறக்குது."

"எங்க வீட்டுல தட்டு பறக்கல. பேச்சு நின்னுபோச்சு. மூணு மாசமா அவ சுவரைப் பார்த்துத்தான் 'சாப்பாடு ஆறுது'ங்கிறா. நானும் சுவருக்குத்தான் 'வர்றேன்'னு பதில் சொல்றேன்."

"அப்புறம் எந்தத் தைரியத்துல வந்தீங்க?"

"தைரியமெல்லாம் இல்ல டீச்சர். மனசு கேக்கல."

டீச்சர் கைப்பிடியை இறுக்கிப் பற்றினாள். பிறகு அவருக்கு முன்னால் ஏறத் தொடங்கினாள்.

தேவாலயத்து வாசலில் சுற்றுலாக்காரர்கள் இருபது பேர், சிவப்புக் குடை பிடித்த வழிகாட்டியைச் சுற்றி நின்றார்கள். அவர்களைத் தாண்டிச் சதுக்கத்தை எட்டிப் பார்த்த டீச்சர், சட்டென்று பின்வாங்கினாள்.

"சிலைக்குப் பக்கத்துல கேமராவோட நிக்கிறது என் கொழுந்தன். வர்றவங்களைச் சிலையோட நிக்க வச்சுப் படம் எடுக்கிறதுதான் அவன் தொழில். அவன் கண்ணுல பட்டா, நாம கீழ இறங்குறதுக்குள்ள எங்க வீட்டுக்குச் சேதி போயிடும்."

"வேற வழி?"

"ஒரு பக்கம் சுவர். இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு."

சிவப்புக் குடை நகர்ந்தது. இருவரும் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டார்கள். டீச்சர் மழைக்கோட்டின் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டாள். சிலையின் வரலாற்றை ஆரம்பித்த வழிகாட்டி நடுவில் நிறுத்தினார்.

"பின்னாடி ஒளிஞ்சு நிக்கிற ஜோடி முன்னாடி வாங்க. கல்யாண நாளா?"

மருந்துக்கடைக்காரருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"தலையை ஆட்டித் தொலைங்க சார்" என்று டீச்சர் பல்லைக் கடித்தாள். அவர் ஆட்டினார். கூட்டம் கைதட்டியது.

"அப்போ மொத்தமா ஒரு படம் எடுத்துடுவோம். எல்லாரும் இங்க பாருங்க" என்றான் கொழுந்தன், கேமராவைத் தூக்கி.

டீச்சர் குனிந்து, அவிழாத செருப்பு வாரை மாட்ட ஆரம்பித்தாள். மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரின் வரைபடத்தைப் பிடுங்கி முகத்துக்கு நேராக விரித்தார். அது தலைகீழாக இருந்தது. கேமரா சொடுக்கும் வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

கூட்டம் படத்தைப் பார்க்கச் சூழ்ந்துகொண்டதும் இருவரும் நழுவினார்கள். கருவூலக் கட்டடத்து வாசலை மிதிக்கும்போது மணிக்கூண்டு பதினொன்று அடிக்கத் தொடங்கியது. மாடிப்படியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் யார் பார்த்தால் என்ன என்று அவர் கையைப் பிடித்து மேலே இழுத்தாள்.

மாடியில் இருந்த திருமணப் பதிவு அலுவலகத்தின் வாசலில் குமாஸ்தா இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"உள்ள பதினோரு மணிக் கல்யாணம் நடந்துக்கிட்டிருக்கு. அடுத்தது நீங்களா? மனுவைக் குடுங்க."

டீச்சர் மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளினாள்.

"எங்களுக்கு இல்லீங்க. உள்ள நிக்கிறது எங்க பிள்ளைங்க. நான் பொண்ணோட அம்மா, இவர் பையனோட அப்பா. இவர் வீட்டுலயும் எங்க வீட்டுலயும் கடும் எதிர்ப்பு. சாட்சிக்கு ஒரு ஆள்கூட இல்லாம பிள்ளைங்க நிக்கக் கூடாதேன்னு, நாங்க ரெண்டு பேர் மட்டும் திருட்டுத்தனமா ஓடி வந்தோம்."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சாட்சிக் கையெழுத்து ஆயிடுச்சேம்மா. பொண்ணோட அப்பாவும் பையனோட அம்மாவும் முன்னாடியே வந்து போட்டுட்டு, வீட்டுல யாருக்கும் தெரியவே கூடாதுன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டு, இப்பதான் பின்வாசல் வழியா இறங்கிப் போறாங்க."