ஒப்பாரி இல்லாத சாவு

"ஏ பூமாரி, ஒத்த வரியாச்சும் எடுத்து விடு தாயி! எந்தம்பி என்ன அநாதப் பொணமா?"

கம்பத்திலிருந்து ஜீப் பிடித்து மலையேறி வந்த மூக்கம்மாள், இறங்கியதும் முதலில் கேட்டது இதைத்தான். வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வாசலில், அவளுடைய தம்பி பெரியமுத்துவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நிழல்மரத்தில் கிளை கழிக்க ஏறியவன், முந்தின நாள் மத்தியானம் கால் வழுக்கி விழுந்துவிட்டான்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பூமாரி, நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. கழுத்தில் குறுக்கே ஓடிய தழும்பைத் தொட்டுக் காட்டி, வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"அவுகளுக்குத்தான் கொரல் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமில்ல பெரியம்மா?" என்றாள் பக்கத்து வீட்டு பிலோமி.

"தெரியும்டி. மனசு கேக்கலையே! ஊரான் வீட்டுச் சாவுக்கெல்லாம் மாரடிச்சுப் பாடுனவ. கட்டுன புருசனுக்குப் பாட முடியாமப் போச்சே!"

அது உண்மை. அந்தத் தோட்டத்தில் யார் செத்தாலும் பூமாரியைத் தேடித்தான் ஆள் வரும். அவள் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றப் பெண்கள் வாயைத் திறப்பார்கள். செத்தவனோடு ஜென்மப் பகையாக இருந்தவன்கூட அவள் பாட்டைக் கேட்டால் மூக்கைச் சிந்துவான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளை மதுரைக்குக் கூட்டிப்போய்க் கழுத்திலிருந்த தைராய்டுக் கட்டியை அறுத்து எடுத்தார்கள். அதோடு போயிற்று எல்லாம். "கொரல் நரம்பு சோந்துபோச்சு. வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். குரல் மட்டுமா? உதட்டைச் சுற்றி எந்நேரமும் மரமரப்பு. மாத்திரையை ஒரு வேளை மறந்தால் விரல்கள் தானாக மடங்கி இழுத்துக்கொள்ளும். மலைக்குளிர் எலும்பு வரைக்கும் ஏறும். ஏலக்காய் எடுக்கப் போனால் பாதியிலேயே செடியடியில் உட்கார்ந்துவிடுவாள். கட்டி காலி செய்த இடத்தில் இத்தனையும் குடிவந்தன.

பெரியமுத்துவுக்கு இதெல்லாம் வேடிக்கை. டீக்கடையில் நாலு பேருக்கு முன்னால் அவளைப் போலவே காற்றுக் குரலில் பேசிக் காட்டுவான். "அறுத்ததும் நல்லதாப் போச்சு, வீட்டுல சத்தமே இல்ல" என்பான். கேட்டவர்களும் வெட்கமில்லாமல் சிரித்தார்கள்.

போன வருடம், எமர்ஜென்சி வந்த புதிதில், கம்பத்தில் பூமாரியின் தாய் செத்துப்போனாள். சேதி வந்ததும் மாற்றுச் சேலையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பியவளை, பெரியமுத்து வாசலில் மறித்தான்.

"நீ போயி என்னத்தக் கிழிக்கப் போற? பெத்தவளுக்கு ஒரு பாட்டுப் பாடத் துப்பில்ல. ஊமையா ஓரத்துல உக்கார்றதுக்கு ஜீப்பு ஒரு கேடா? போய் வேலையப் பாரு!"

பையைப் பிடுங்கி உள்ளே வீசினான் பாவி. தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட விடவில்லை. பூமாரி கூடையை எடுத்துக்கொண்டு தனியாக மேட்டுக்காட்டுக்குக் காய் எடுக்கப் போனாள்.

மூக்கம்மாளுக்கு இது தெரியாததல்ல. செத்தவன் தன் தம்பி என்பதால் இன்றைக்கு மறந்துபோயிற்று.

"சூடாக் கட்டங்காப்பி குடுங்கடி. தொண்ட இளகுனா ஒரு வரியாச்சும் வரும்" என்றாள்.

காப்பி வந்தது. பூமாரி முழுவதையும் குடித்தாள். கூட்டமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

வேறு வழியில்லாமல் மூக்கம்மாளே மார்பில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். இரண்டாவது அடி தெரியவில்லை. முதல் அடியையே திருப்பித் திருப்பிச் சொல்லித் திணறினாள். அதற்குள் பூமாரியின் விரல்கள் மடங்கி இழுக்கத் தொடங்கின. பிலோமி ஓடிப்போய் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

"மழை இருட்டிக்கிட்டு வருது. தூக்கிருவோமா?" என்றார் கங்காணி.

"ஒப்பாரி இல்லாமப் போறியே ராசா!" என்று மூக்கம்மாள் மண்ணில் புரண்டாள்.

அதைக் கேட்டு மற்றப் பெண்களும் அழுதார்கள். ஆனால் செத்தவனைவிடப் பூமாரிக்காகத்தான் அதிகம் பேர் அழுதார்கள். "பாவம், வாய்விட்டு அழக்கூட வழியில்லாம உள்ளுக்குள்ளயே வச்சுப் புழுங்குறா" என்று பேசிக்கொண்டார்கள்.

ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனதும், பெண்கள் ஓடையில் குளித்துவிட்டு வந்தார்கள். வந்தவர்களில் பூமாரியைக் காணோம். துக்கம் தாங்காமல் எதையாவது பண்ணிக்கொள்வாளோ என்று பிலோமிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓடைக்கரையிலிருந்து ஈரக் கால்தடம் மேட்டுக்காட்டுப் பக்கம் போயிருந்தது. மூச்சிரைக்க ஏறினாள்.

பாதி ஏற்றத்தில் அது காதில் விழுந்தது. ஏலச்செடிகளுக்குள்ளிருந்து, எதிர்மலையில் மோதித் திரும்பும் அளவுக்கு, கொஞ்சமும் பிசிறில்லாத பழைய குரல்.

"மலையெறங்கி வருமுன்னே மண்ணுக்குள்ள போனியே!
மக மொகத்தப் பாக்காமே மறஞ்சியே எந்தாயே!"

ஈரச் சேலையோடு உட்கார்ந்து பூமாரி மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"அக்கா! கொரல் வந்துருச்சா?"

பூமாரி பாட்டை நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது எங்காத்தா செத்த அன்னைக்கே, இதே எடத்துல வந்துருச்சு பிலோமி. அவளுக்குப் பாட விடாத மனுசனுக்கு நான் எதுக்குப் பாடணும்?"