விக்கல் மணி

உயிரியல் ஆய்வுக்கூடத்தை உள்ளே தாழிட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணைத் தலைமை ஆசிரியர் தன் தலைமை ஆசிரியரைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்.

மடிக்கணினியில்தான்.

ஆன்லைனில் கல்வி நிர்வாக முதுகலைப் பட்டம். கடைசித் தேர்வு. தான் கண்ட நிர்வாகக் கோளாறு ஒன்றைச் சக மாணவர் ஒருவரிடம் விளக்க வேண்டும். அவர் மதிப்பெண் போடுவார். பிறகு அவர் விளக்க, இவர் போட வேண்டும்.

யாரும் யாருக்கும் சலுகை காட்டிவிடக் கூடாதென்று பல்கலைக்கழகம் பெயரையும் முகத்தையும் மறைத்து ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தது. இவருக்கு வாய்த்தவர் ஏழாம் எண். திரையில் வெறும் கறுப்புக் கட்டம். வாயே திறக்காத மனிதர். கேள்வியைக்கூடத் தட்டச்சு செய்துதான் கேட்டார்.

வீட்டில்கூட மூச்சுவிடாமல் சேர்ந்த படிப்பு. தோற்றால் யாருக்கும் தெரியாது, தேறினால் தலைமை ஆசிரியர் நாற்காலிக்குத் தகுதி. கை நட்டமில்லாத வியாபாரம். என்ன, நாற்காலியில் இருக்கிறவர் பசை போட்டு ஒட்டியவர்போல் அசைவதாயில்லை.

"மத்தியானமானா கதவைச் சாத்திக்கிட்டுக் குறட்டைங்க. கையெழுத்துக்கு நாலு பேர் வாசல்ல காஞ்சாலும் தொறக்க மாட்டார்."

கறுப்புக் கட்டத்தின் கீழே எழுத்து ஓடியது: ‘குறட்டையைக் கேட்டிருக்கிறீர்களா?’

கேட்டதில்லை. ஆனால் சரக்கை விற்கும்போது கொஞ்சம் கூட்டித்தானே சொல்ல வேண்டும். சுவரே அதிரும் என்றார்.

அப்போது பள்ளி மணி அடித்தது.

அது விக்கல் மணி. நீளமாக ஒன்று அடித்து, தொண்டை அடைத்து நின்று, பிறகு குட்டியாக இரண்டு அடிக்கும். உலகத்தில் வேறெந்த மணிக்கும் அந்த வியாதி இல்லை. பழுது பார்க்க மறுத்தவர் தலைமை ஆசிரியர். அந்தக் குற்றச்சாட்டையும் இவர் சற்றுமுன்தான் வைத்திருந்தார்.

மணி ஓய்ந்தது.

பிறகு ஹெட்போனுக்குள் அடித்தது. நீளமாக ஒன்று. குட்டியாக இரண்டு.

ஏழாம் எண் மைக்கை அணைக்க மறந்திருந்தார்.

துணைத் தலைமை ஆசிரியர் எலும்புக்கூட்டைப் பார்த்தார். தன்னைவிட அது தெம்பாக இருப்பதாகப் பட்டது.

ஹெட்போனில் ஒரு செருமல். தினமும் காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்கிற அதே செருமல்.

திரையில் மதிப்பெண் விழுந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு. குறட்டைக்கு மட்டும் பத்து கழித்து, ‘ஆதாரமில்லை’ என்று பக்கத்தில் குறித்திருந்தது.

"இப்ப என் முறை சார். மத்தியானமானா ஆய்வுக்கூடத்துல தாழ்ப்பாள் போட்டுக்கிற துணைத் தலைமை ஆசிரியர், அதான் என் தலைப்பு. நான் தேறினா மாவட்டக் கல்வி அதிகாரியாப் போயிருவேன், இந்த நாற்காலி காலி. பாத்துப் போடுங்க."